அடைமொழி யாருக்கு?

மின்சாரத்தில் ஓடும் கார்கள் நம் வீதிகளில் நடமாடத் தொடங்கிய பிறகு, பாஷையைச் சேர்ந்த ஒரு வழக்கு நம் முன் வந்து நிற்கிறது. வழக்கு என்று நாம் சொல்வது வேடிக்கைக்காக அன்று. வாதி, பிரதிவாதி, தாவாச் சொத்து, அனுபவ பாத்தியதை யாவும் அதில் இருக்கின்றன. தாவாச் சொத்து ‘கார்’ என்னும் ஒற்றைச் சொல். அதைப் பெட்ரோல் வண்டி நூறு வருஷத்துக்கு மேலாகத் தனியே அனுபவித்து வருகிறது. ‘கார் வாங்கியிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அது எதையேனும் எரித்து ஓடுவதா என்று எவரும் கேட்டதில்லை. பெட்ரோலா டீஸலா என்று கேட்பதுண்டு. அது ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிக்குள் நடக்கும் பாகப் பிரிவினை. குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவன் வந்து பங்கு கேட்பான் என்று யாரும் நினைக்கவில்லை.

வந்தவன் அடைமொழியோடு வந்தான். ‘எலெக்ட்ரிக் கார்’, ‘மின்சாரக் கார்’, ‘மின் வாகனம்’ என்று அவனை அழைத்தோம். புதிதாகக் குடிவந்தவனை அவனது ஊர்ப்பெயரைச் சேர்த்து அழைப்பது உலக வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் குடிவந்தவர்களே ஊரில் அதிகமாகிவிட்டால் என்ன செய்வது? நார்வே தேசத்தில் 2024-ஆம் வருஷம் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 முழுதும் மின்சாரத்தில் ஓடுபவை. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில், அத்தேசத்தில் பதிவாகியிருந்த மின்சாரக் கார்களின் தொகை பெட்ரோல் கார்களின் தொகையைத் தாண்டிவிட்டது. சீனத்தில் 2024 ஜூலை மாதத்தில் விற்ற புதிய பயணிக் கார்களில் பாதிக்கு மேல், மின்சாரக் கார்களும் வெளியிலிருந்து மின்னேற்றிக்கொள்ளும் ஹைப்ரிட் கார்களுமே. அங்கெல்லாம் வெறுமனே ‘கார்’ என்று சொன்னால் எதைக் குறிக்கும்? நம் நாட்டில் அந்த நாள் இன்னும் வரவில்லை. கார் விற்பனையில் மின்சாரத்தின் பங்கு இங்கே சொற்பமே. ஆனால் மூன்று சக்கர வண்டிகளில் நாம் யாருக்கும் பின்வாங்கவில்லை. 2023-ஆம் வருஷம் மின்சார மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையில் சீனத்தையும் முந்தி இந்தியா உலகில் முதலிடம் பெற்றது. ஆகையால் பெயர் விஷயத்தை இப்பொழுதே தீர யோசித்து வைப்பது நலம்.

‘விலைவாசியும் வேலையின்மையும் ஜனங்களை வாட்டும்பொழுது பெயரைப் பற்றி ஒரு வியாசமா?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நமது பதில் இது. நியாயஸ்தலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, நிரூபிக்கும் பாரம் எந்தக் கக்ஷிக்காரர் மேல் இருக்கிறது என்பது. அது எவன் மேல் விழுகிறதோ அவன் பாதி வழக்கை அப்பொழுதே இழந்தவன். பாஷையில் அந்தப் பாரம் அடைமொழியைச் சுமப்பவன் மேல் விழுகிறது. மின்சாரக் காரை நோக்கி, ‘ஒரு முறை மின்னேற்றினால் எவ்வளவு தூரம் போவாய்? உன் பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்? தீப்பிடித்துக்கொள்வாயா? உனக்கு வேண்டிய மின்சாரம் எதிலிருந்து உண்டாகிறது? பாட்டரிக்கான உலோகத்தை எந்தத் தேசத்தில் தோண்டி எடுத்தார்கள்?’ என்று ஜனங்கள் கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் பக்கத்தில் வெறும் ‘கார்’ என்ற பெயரோடு நிற்பதைப் பார்த்து, ‘நீ குடிக்கும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது?’ என்று யார் கேட்கிறார்கள்? இந்தியா உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. ஹார்முஸ் ஜலசந்தியில் யுத்த மேகம் கூடினால் மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு வயிறு கலங்குகிறது. இத்தனை சங்கதியும் ‘கார்’ என்ற ஓரசைச் சொல்லுக்குள் சந்தடியில்லாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது. அடைமொழி இல்லாதவனை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அதனாலேயே இவ்விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டோம்.

பெட்ரோல் வண்டியின் பாத்தியதை பிறப்பால் வந்தது என்று எண்ணுகிறவர்கள் பழைய தஸ்தாவேஜுகளைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1900-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றுள் நீராவியில் ஓடியவை 1,681; மின்சாரத்தில் ஓடியவை 1,575; பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. அன்று மூவருக்கும் அடைமொழி உண்டு. மூவரில் பெட்ரோல் வண்டிதான் கடைக்குட்டி. பிறகு 1908-இல் போர்ட் கம்பெனியார் ‘மாடல் டி’ வண்டியை வெளியிட்டு, நாளடைவில் அதன் விலையை நடுத்தர மனிதருக்கு எட்டும்படி இறக்கினார்கள். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் எஞ்சினைக் கிளப்புவதற்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அது எதிர்த்துத் திரும்பினால் மணிக்கட்டு முறியும். அந்தக் கஷ்டம் மின்சாரத்தால் தீர்ந்த பிறகே, பெட்ரோல் வண்டி மின்சார வண்டியை வீதியை விட்டு விரட்டியது. உபகாரம் செய்தவனையே வெளியேற்றிய கதை இது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்ரீ ஹென்றி போர்ட் லக்ஷக்கணக்கில் பெட்ரோல் வண்டி செய்து உலகத்துக்கு விற்றுக்கொண்டிருந்த நாளில், அவர் மனைவியார் கிளாரா அம்மையார் ஏறிச் சென்றது வேறொரு கம்பெனியின் ‘டெட்ராயிட் எலெக்ட்ரிக்’ என்ற மின்சார வண்டியில். வீட்டுக்காரி வாங்காத சரக்கைக் கடைக்காரன் ஊருக்கு விற்றான் என்றால் நம் கிராமத்தார் என்ன சொல்வார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் சட்டப் புஸ்தகம் இன்னும் விநோதமானது. 1865-ஆம் வருஷத்துச் சட்டம், குதிரையில்லாமல் ரஸ்தாவில் ஓடும் யந்திரங்களை எல்லாம் ‘லோகோமோட்டிவ்’ என்று ஒரே பட்டியில் அடைத்து, ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல் என்று வேகத்தைக் கட்டி, முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டுமென்று விதித்தது. 1896-இல் வந்த சட்டம் அதையே ‘லேசான லோகோமோட்டிவ்’ ஆக்கி 14 மைல் வேகம் கொடுத்தது. 1903-இல்தான் ‘மோட்டார் கார்’ என்ற பெயர் சட்டத்தின் தலைப்பில் ஏறியது. ‘பெட்ரோல்’ என்ற சொல்லுங்கூட ஆதியில் லண்டன் வியாபாரி ஒருவரது சரக்குப் பெயர்தான். அதைத் தமக்கே உரிய வியாபாரக் குறியாகப் பதிந்துகொள்ள அக்கம்பெனியார் பிரயத்தனப்பட்டார்கள். அதற்குள் சொல் பொதுஜன வழக்கில் கலந்துவிட்டபடியால் பதிவு கிடைக்கவில்லை. பொதுஜனங்கள் வாய் வைத்த சொல்லைப் பிறகு எந்த ரிஜிஸ்தராராலும் மீட்டுக் கொடுக்க முடியாது.

தமிழருக்கும் இந்த மாறுதல் புதிதன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். தேங்காயும் வேம்பும் ஆமணக்கும் அப்பெயரில் பங்கு கேட்டன. பின்னர் பூமிக்குள்ளிருந்து மண்ணெண்ணெயும் வந்து சேர்ந்தது. எல்லாரும் எண்ணெய் ஆகிவிட்ட பிறகு, பெயருக்கு உடையவனான எள்ளெண்ணெய்க்கு அப்பெயர் போதாமல், ‘நல்லெண்ணெய்’ என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது. இன்று பத்திரிகைகளில் ‘எண்ணெய்க் கம்பெனிகள்’ என்று படிக்கிறவர் எவரும் செக்கை நினைப்பதில்லை. சொந்த வீட்டுக்காரன் வாடகைக்குக் குடியிருக்கும் நிலைமை இதுதான்.

தறியும் அப்படியே. ஆதியில் தறி என்றால் நெசவாளி காலால் மிதித்துக் கையால் நாடா வீசும் தறி ஒன்றே. மில்லும் விசைத்தறியும் வந்த பிறகு அது ‘கைத்தறி’ ஆயிற்று. முதலில் அந்தக் ‘கை’ ஏழ்மையின் அடையாளமாகவே இருந்தது. சுதேசி இயக்கம் எழுந்து, கையால் செய்வது மானம் என்று ஜனங்கள் உணர்ந்த பின் அதே அடைமொழி விருதாக மாறிற்று. ஆகவே அடைமொழி பெறுவது எப்பொழுதும் இழிவு என்று பெட்ரோல் வண்டியின் அபிமானிகள் வருந்த வேண்டியதில்லை.

ரிக்ஷாவின் சரித்திரம் நம் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்தது. ரிக்ஷா என்றால் மனிதன் ஓடி இழுக்கும் வண்டி. அக்காலத்தில் அந்தப் பெயரில் மனிதன் தென்படவில்லை; சவாரி செய்கிறவர் ‘ரிக்ஷாவில் வந்தேன்’ என்பார், அவ்வளவே. சைக்கிள் ரிக்ஷா வந்ததும், வேறு பிரித்துச் சொல்ல வேண்டி, பழையது ‘கை ரிக்ஷா’ ஆயிற்று. ‘கை’ தமிழில் ஓரெழுத்து. அந்த ஓரெழுத்து, அதுவரை பெயருக்குள் மறைந்து கிடந்த மனிதனைப் பகிரங்கமாக நிறுத்திவிட்டது. 1973-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் கை ரிக்ஷாவை ஒழித்தபொழுது, ஒழிக்கப்படுவது எது என்று யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பெயரே சொல்லிவிட்டது. ரிக்ஷாவை ஒழித்தது அந்த எழுத்துத்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. மறைந்திருப்பதை வெளியே காட்டுவது அடைமொழியின் நல்ல தொழில் என்பதே நாம் சொல்வது.

ஒரு தரம் ஒட்டிக்கொண்ட அடைமொழி லேசில் விடுவதுமில்லை. சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று ‘எலெக்ட்ரிக் டிரெயின்’ என்று அதைச் சொன்னதில் அர்த்தமிருந்தது; மற்ற ரயில்கள் எல்லாம் கரியைத் தின்று புகை கக்கின. இன்று எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியையும் மின்சார எஞ்சினே இழுக்கிறது. ஆயினும் ‘எலெக்ட்ரிக் டிரெயின்’ என்றால் சென்னைவாசிக்குத் தாம்பரம் வண்டிதான். மறுபுறம், புகை சிறிதும் இல்லாத ரயிலைப் ‘புகைவண்டி’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈழத்துத் தமிழர் ‘புகையிரதம்’ என்பார்கள். அங்கே டீஸல் எஞ்சின் இழுப்பதால் அப்பெயருக்கு இன்னும் கொஞ்சம் நியாயமுண்டு. புகையே விடாததற்குப் புகையின் பெயர். தினந்தோறும் நம் முகத்தில் புகையை ஊதிப் போவதற்குப் புகையின் வாசனையே இல்லாத பெயர்! ‘கார்’ என்பதற்குத் தமிழில் கருமை என்று பொருளுண்டே என்று சிலேடைப் பிரியர் ஒருவர் நம்மிடம் வாதித்தார். அவர் வாதம் ரசமானது. ஆனால் கோர்ட்டில் செல்லாது.

அந்நிய தேசத்தார் இவ்வழக்கை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்ப்போம். ஜெர்மானியர் பழைய வண்டியை ‘எரிப்பான்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ‘உஷ்ண வண்டி’ என்கிறார்கள். சித்திரை மாதத்து நடுப்பகலில் நம் ஊர் வீதியில் நிற்கும் வண்டிகள் எல்லாம் அப்பெயருக்கு உரியவையே. சீனர் ‘எரியெண்ணெய் வண்டி’ என்றும், ஜப்பானியர் ‘காஸோலின் வண்டி’ என்றும் சொல்கிறார்கள். நார்வேகாரர் ‘பாஸில் கார்’ என்று சொல்வதில் பரிகாசம் கலந்திருக்கிறது. மண்ணில் புதைந்து கல்லாய்ப்போன பிராணியின் எலும்பை நினைவூட்டும் சொல் அது. ஆங்கிலேயர் வழக்கப்படி முதலெழுத்துக்களைக் கோத்து ‘ஐ.சி.ஈ.’ என்கிறார்கள். பெயர் சட்டத்தையும் மிஞ்சிச் சென்றதற்கு ஜெர்மனி ஓர் உதாரணம். 2035 முதல் புதிய கார்கள் கரியமில வாயுவே வெளியிடக்கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2023-இல் விதி செய்தது. அந்த விதி அளந்தது வாயுவை. ஜெர்மன் வீதிகளிலோ அதை ‘எரிப்பானுக்கு முடிவு’ என்று பெயர் சூட்டிப் பெரிய கக்ஷிச் சண்டை நடந்தது. செயற்கை எரிபொருளில் ஓடும் எஞ்சினுக்கு வழிவிட வேண்டுமென்று கடைசி நேரத்தில் ஜெர்மன் அரசாங்கமே வாதாடியது. 2025 டிசம்பரில் ஐரோப்பியக் கமிஷனே அவ்விதியைத் தளர்த்த யோசனை கூறியது. வாயு என்று மட்டும் பேசியிருந்தால் அவ்வளவு ரோஷம் பிறந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ‘ஐ.சி.ஈ.’ என்பதைத் தமிழில் எடுத்தாள முடியாது. அதைச் சேர்த்து வாசித்தால் ‘ஐஸ் வண்டி’ ஆகும். ஐஸ் வண்டி என்றால் மணியடித்துக்கொண்டு தெருவில் வரும் தள்ளுவண்டி என்பது நம் தேசத்துச் சிறு குழந்தைக்கும் தெரியும். உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு கொதிக்கும் யந்திரத்துக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது. அமெரிக்கரைப் பார்த்து ‘கேஸ் கார்’ என்று சொல்வதும் தவறு. அவர்கள் பெட்ரோலைக் கேஸ் என்பார்கள்; நமக்குக் கேஸ் என்பது சிலிண்டரில் வருவது. நம் ஊரில் ‘கேஸ் ஆட்டோ’ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அது பெட்ரோல் ஆட்டோ அன்று. ‘உள்ளெரி எந்திர ஊர்தி’ என்று பாடப் புஸ்தகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பண்டிதர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. கலைச்சொல் என்ற அளவில் அது பழுதற்றது. ஆனால் பெட்ரோல் பங்கில் நிற்கும் பையனிடம் அதைச் சொன்னால் அவன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். ‘மகிழுந்து’ என்பதைக் காருக்கு வைத்தவர்களின் பாஷாபிமானமும் மெய்யானதே. அவர்கள் மின்சாரக் காரை ‘மின்மகிழுந்து’ ஆக்கினால், மற்றதை என்ன செய்வார்கள் என்று கேட்கிறோம்.

‘சாதாரணக் கார்’ என்று சிலர் சொல்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் தந்திரமான பெயர். அடைமொழி போலத் தோன்றி, பழைய பாத்தியதையைப் புதுப்பித்துக் கொடுத்துவிடுகிறது. பெட்ரோல் சாதாரணம் என்றால் மின்சாரம் அசாதாரணம். அப்படிப்பட்டதை வாங்குகிறவன் துணிச்சல்காரன் அல்லது பைத்தியக்காரன். ‘பழைய கார்’ என்பதும் பொய். நேற்றுத் தொழிற்சாலையை விட்டு வந்த பெட்ரோல் காரும் இருக்கிறது, பத்து வருஷம் உழைத்த மின்சாரக் காரும் இருக்கிறது.

நமது சர்க்காரின் சட்டங்களில் இக்குழப்பம் எப்படிப் படிந்திருக்கிறது என்பது வக்கீல்களுக்குச் சுவையான விஷயம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், யந்திர சக்தியால் ரஸ்தாவில் ஓடுவது எதுவும் மோட்டார் வாகனம் என்கிறது. அச்சக்தி உள்ளிருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும் சரி. இவ்வளவு விசாலமாக ஆரம்பித்துவிட்டு, விலக்குக் கொடுக்கும் இடத்தில் மட்டும் பெட்ரோல் வண்டியின் பாஷையில் பேசுகிறது: நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, எஞ்சின் கொள்ளளவு 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாதது மோட்டார் வாகனம் அன்று. மின்சார மோட்டாருக்குக் கன சென்டிமீட்டர் ஏது? ஆகையால் அதற்கென்று வேறு விதி எழுத வேண்டியதாயிற்று; சக்தி 0.25 கிலோவாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருப்பது முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அதற்கும் விலக்கு என்றார்கள். வரியிலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 கன சென்டிமீட்டருக்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் காருக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18; அதற்கு மேற்பட்டதற்கு 40; மின்சாரக் காருக்கு 5. 2018 முதல் மின்சார வண்டிகளுக்குப் பச்சை நிற நம்பர் பலகை. வரி விதிக்கும்பொழுது பெட்ரோல் காரைப் பெட்ரோல் கார் என்றே அரசாங்கம் எழுதுகிறது. பலகையில் மட்டும் அது அடைமொழியின்றி வெள்ளையாக நிற்கிறது. பணம் வாங்கும் இடத்தில் சர்க்காருக்குப் பெயர் குழம்புவதேயில்லை.

பண்டிதரும் சர்க்காரும் அலையட்டும். இந்த வழக்கைத் தமிழ்க் குடியானவர் முன்னொரு காலத்திலேயே விசாரித்துத் தீர்ப்பளித்துவிட்டார் என்பதே நமது கக்ஷி. கோயமுத்தூர் ஜில்லாவின் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே முதலில் ஏற்றமும் கவலையும் இருந்தன. மனிதனும் மாடும் இறைத்தார்கள். பிறகு எண்ணெயில் ஓடும் பம்பு வந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கி, நாளடைவில் கம்பி வயலுக்குள் இறங்கிய பின் மின்சாரப் பம்பு வந்தது. குடியானவர் எந்த அகராதியையும் தேடவில்லை. எண்ணெய் குடிப்பதை ‘ஆயில் எஞ்சின்’ என்றார். மற்றதைக் ‘கரண்டு மோட்டார்’ என்று ஆரம்பித்து, பிறகு ‘மோட்டார்’ என்று மட்டும் சொல்லலானார். இன்றும் ‘மோட்டார் போட்டுவிட்டு வா’ என்றால் மின்சாரப் பம்பைத்தான் எல்லாரும் நினைப்பார்கள். அடைமொழி எப்பொழுது புதியதை விட்டுப் பழையதன் மேல் போய் நின்றது என்று எவராலும் தேதி சொல்ல முடியாது. சண்டை இல்லை, பரிகாசம் இல்லை. ஆயில் எஞ்சினை அவர் வெறுக்கவுமில்லை. கரண்டு நின்ற நாளில் அதைத்தான் துடைத்துக் கிளப்பினார். எது எதைக் குடிக்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டார். அதற்குத்தானே அவர் மடியிலிருந்து பணம் போகிறது.

எஞ்சின் வேறு, மோட்டார் வேறு என்ற பேதமும் கிணற்றடியில் பிசகாமல் இருந்தது. எரித்து ஓடுவது எஞ்சின். மின்சாரத்தால் சுழல்வது மோட்டார். பட்டணத்தாராகிய நாமோ, எஞ்சின் பூட்டிய வண்டியை மூன்று தலைமுறையாக ‘மோட்டார் கார்’ என்று அழைத்தோம். இப்பொழுது மெய்யாகவே மோட்டார் பூட்டிய கார் வந்திருக்கும்பொழுது, அதற்குப் பெயர் தெரியாமல் விழிக்கிறோம்.

மின்சார வண்டியின் பக்கம் நாம் சாய்ந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். அதன் வக்கீல்களும் பெயர் விஷயத்தில் கை சுத்தமானவர்கள் அல்லர். ‘பசுமை வாகனம்’, ‘மாசற்ற வாகனம்’ என்று அவர்கள் சூட்டுவது பெயர் அன்று, விளம்பரம். இந்தியாவில் உண்டாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியை எரித்தே உண்டாகிறது. வண்டியின் பின்னால் புகையில்லை என்பது மெய். புகையே இல்லை என்பது மெய்யன்று. பாட்டரியின் செல்களும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே, முக்கியமாகச் சீனத்திலிருந்தே, கப்பலேறி வருகின்றன. ஆகவே சுதேசிப் பட்டமும் அதற்கு இன்னும் முழுமையாகச் சொந்தமாகவில்லை. ஒருவனுக்குப் பாராட்டைப் பெயராக வைத்தால் மற்றவனுக்கு வசையைப் பெயராக வைக்க நேரும். ‘பசுமை’ என்று ஒன்றைச் சொன்னவுடன் மற்றது சொல்லாமலே ‘அழுக்கு’ ஆகிவிடுகிறது.

அந்த வசை யார் தலையில் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். புதிய மின்சாரக் காரை முதலில் வாங்குகிறவர் பணக்காரர். அவர் விற்ற பெட்ரோல் கார் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, ஒரு வாடகைக் கார்க்காரரிடமோ ஒரு சிறு வியாபாரியிடமோ போய்ச் சேரும். அதைப் பழுது பார்த்தே பிழைக்கும் மெக்கானிக்குகள் தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல், எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் கைத்தொழில் வல்லவர்கள் அவர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலை நகரிலும் ஓசூரிலும் வண்டித் தொழிலை நம்பி வளர்ந்த பட்டறைகளில் எத்தனையோ எஞ்சினுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்தே ஜீவிக்கின்றன. ‘பாஸில்’ என்றும் ‘அழுக்கு வண்டி’ என்றும் ஏளனமாகப் பெயர் வைத்தால், அந்த ஏளனம் காரை முதலில் வாங்கி அனுபவித்தவரைச் சேராது. கடைசியாக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏழையைச் சேரும். இதற்கு நாம் உடன்பட மாட்டோம். அதே சமயம், கடன் வாங்கி வண்டி எடுக்கப்போகும் ஒரு குமாஸ்தாவுக்கோ ஆட்டோக்காரருக்கோ, எந்த வண்டி எதைக் குடிக்கும், அதன் விலை யார் கையில் இருக்கிறது என்பதை மறைக்கும் பெயரும் உதவாது.

இந்தக் காரணங்களால் இப்பத்திரிகையில் இனி அனுசரிக்கப்போகும் முறையை நேயர்களுக்கும் நிருபர்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். பெட்ரோலில் ஓடுவது பெட்ரோல் கார். டீஸலில் ஓடுவது டீஸல் கார். கேஸில் ஓடும் ஆட்டோ கேஸ் ஆட்டோவே. இவை எல்லாவற்றையும் ஒருங்கே குறிக்க நேர்ந்தால் ‘எஞ்சின் வண்டிகள்’ என்று எழுதுவோம். மின்சாரத்தில் ஓடுவதை ‘மின்சாரக் கார்’ என்போம். ‘பசுமை’ முதலிய பட்டங்களை விளம்பரப் பத்திகளுக்கு விட்டுவிடுவோம். வித்தியாசம் முக்கியமில்லாத இடத்தில், உதாரணமாக நெடுஞ்சாலையில் இரண்டு கார்கள் மோதின என்ற செய்தியில், எதுவாயினும் ‘கார்’ என்றே இருக்கும். மோதியது மின்சாரக் காராக இருந்தால் மட்டும் அதைத் தலைப்பில் சொல்லும் வழக்கத்தை நிருபர்கள் விட்டுவிட வேண்டும். தீ விபத்தானால், எரிந்தது எந்த வகை வண்டி என்பதை இரு கக்ஷிக்கும் பொதுவாக எழுத வேண்டும். எஞ்சினும் மோட்டாரும் ஒன்றாகப் பூட்டிய வண்டிக்கு மட்டும் நமக்கு நல்ல பெயர் அகப்படவில்லை. ‘கலப்பு’ என்ற சொல் நம் நாட்டில் விதைக்கும் விவாகத்துக்கும் பாலுக்கும் வெவ்வேறு அர்த்தத்தில் வழங்குவதால், அதை இங்கே இழுத்துவர மனம் கொள்ளவில்லை. வேறொன்று வீதியிலேயே பிறக்கும் வரை ‘ஹைப்ரிட்’ என்றே அச்சிடுவோம்.